ஏழு மதிப்பெண்ணுக்குத் தடை: ராக், மெட்டல் பரிந்துரைச் சுற்று

#1 கனத்தகம்பி

போன சுற்றின் மதிப்பெண்களை எடுத்து வைத்து எண்ணிப் பார்த்தேன். மொத்தம் 30 தீர்ப்பு, அதில் 22 ஏழு. "நல்லாத்தான் இருக்கு, நம்ம ரசனை இல்ல, 7" என்ற வரி மட்டும் ஒன்பது இடத்தில் இருக்கிறது. அதில் ஒன்றை எழுதியவன் நானே.

ஏழு ஒரு மதிப்பெண்ணே இல்லை. வாசல்படியில் நின்றபடி "உள்ள வரல, நேரமாச்சு" என்று சொல்லி நகர்கிற சமாச்சாரம் அது. பாட்டைக் கொடுத்தவர் மனசு நோகக்கூடாது என்று போடுகிறோம். அவருக்கோ நாம் கேட்டோமா இல்லையா என்பதே தெரியாமல் போகிறது.

ஆகவே இந்தச் சுற்றில் ஏழு கிடையாது. ஆறு போடுங்கள், எட்டு போடுங்கள், இரண்டு கூடப் போடுங்கள். ஆறு பேர் இருக்கிறோம். ஆளுக்கு ஒரு பாட்டு, மற்ற ஐந்து பேரும் பத்துக்கு மதிப்பிட வேண்டும். குறைந்தது மூன்று முறை முழுசாகக் கேட்க வேண்டும், அதில் ஒரு முறையாவது ஹெட்ஃபோனில். மதிப்பெண்ணுக்கு ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணம் பாட்டில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதும் வேண்டும். "வைப் வரல" என்பது காரணம் ஆகாது.

#2 இரட்டைமிதி

6.9 போடலாமா தல?

#3 கனத்தகம்பி

போடு. உன் பாட்டுக்கு ஐந்து பேரையும் 6.9 போடச் சொல்கிறேன். முழு எண் மட்டும்தான்.

#4 தூரத்துஎக்கோ

தடை சரி. ஆனால் ஏழு போடுகிறவர்கள் எல்லோரும் நழுவுகிறவர்கள் என்று எழுதாதீர்கள். சில பாட்டு நிஜமாகவே ஏழுதான். அப்படி ஒன்று வந்தால் எட்டுக்குத் தள்ளுவதா, ஆறுக்கு இழுப்பதா என்று அரை மணி நேரம் மண்டையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும்.

#5 கனத்தகம்பி

அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் அக்கா இந்தத் தடையே.

#6 மழைமணி

முதல் பாட்டு என்னுடையது. குழுவின் பெயர் பிளாக் சப்பாத், பாட்டின் பெயரும் அதுவே. 1970 பிப்ரவரி 13 அன்று வந்த முதல் ஆல்பத்தின் முதல் பாட்டு. எல்லோரும் கேட்டிருப்பீர்கள் என்று தெரிந்தே கொடுக்கிறேன். மழைச் சத்தத்தில் ஆரம்பித்துக் கடைசி நொடி வரை, கையில் வேறு வேலை எதுவும் இல்லாமல், கடைசியாக எப்போது கேட்டீர்கள்?

#7 இரட்டைமிதி

இது போங்கு அண்ணா. தாத்தா போட்டோவைக் காட்டி மார்க் போடச் சொன்னா யாரு கம்மியா போடுவா?

#8 ஏழாம்ஃபிரெட்

நான் போடத் தயார். ஆனால் 9 வந்துவிட்டது.

ரிஃப்பில், அதாவது திரும்பத் திரும்ப வருகிற கிதார் துணுக்கில், மொத்தம் இரண்டே சுரம்தான், மேல் ஸ்தாயியைத் தனியாக எண்ணினால் மூன்று. கீழ் ஷட்ஜம், மேல் ஷட்ஜம், அங்கிருந்து இறங்கிப் பிரதி மத்திமம். பஞ்சமத்தில் போய் உட்கார வேண்டிய இடத்தில் அரைச்சுரம் தள்ளி நின்றுவிடுகிறது. நின்ற இடத்திலேயே நடுங்குகிறது. பிரதி மத்திமம் நம் காதுக்குப் புதிதில்லை, கல்யாணியில் அது அவ்வளவு அழகாகச் சிரிக்கும். இங்கே துணைக்கு வேறு சுரமே இல்லாமல் தனியாக விட்டிருக்கிறார்கள், அதனால்தான் வயிற்றைக் கலக்குகிறது.

இந்தப் பாட்டைப் பேசினாலே "விரல் போனதால் சுருதியை இறக்கினார், அதனால் கனம் வந்தது" என்று யாராவது சொல்வார்கள். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். குழுவின் கிதார்காரர் டோனி அயோமி இடதுகைக்காரர். பதினேழு வயதில் தகடு வெட்டும் தொழிற்சாலையில் வலது கை நடுவிரலின் நுனியும் மோதிர விரலின் நுனியும் போயின. ஃப்ரெட்டை அழுத்துகிற கை அது. பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து மாட்டிக்கொண்டு வாசித்தார். எல்லாம் உண்மை. ஆனால் மூன்று அரைச்சுரம் சுருதி இறக்கியது 1971-இல், மூன்றாவது ஆல்பத்தில். இந்தப் பாட்டில் கிதார் வழக்கமான சுருதியில்தான் இருக்கிறது. கனம் முழுக்க அந்த மத்திமத்திலிருந்தும், அவசரப்படாத காலப்பிரமாணத்திலிருந்தும் வருகிறது.

#9 இரட்டைமிதி

கதைக்குப் பத்து. பாட்டுக்கு 6.

விதிப்படி மூணு தடவை கேட்டேன். முதல் நாலரை நிமிஷம் ட்ரம்ஸ்ல பில் வார்ட் அடிக்கிற அடியைவிட அடிக்காம விடுற இடம்தான் மிரட்டுது. அது வரைக்கும் ஒன்பது. அப்புறம் 4:36 பக்கம் திடீர்னு வேகம் பிடிக்குது பாருங்க, அங்க வேற ஒரு பாட்டைக் கொண்டுவந்து ஒட்டின மாதிரி இருக்கு. அவ்வளவு நேரம் அசையாம நின்னு மிரட்டிட்டு எதுக்கு ஓடணும்? அங்கேயே நின்னிருக்கலாம்.

#10 மழைமணி

மிரட்டினவன் ஓடவில்லை தம்பி. மிரண்டவன் ஓடுகிறான். பாட்டு யார் வாயால் சொல்லப்படுகிறது என்று ஒருமுறை பாருங்கள்.

#11 இரட்டைமிதி

ஐயோ, நல்ல பதில். இனி அப்படித்தான் கேட்கும். ஆனாலும் 6 தான் அண்ணா, காது அங்க தடுக்குது.

#12 புதுக்காது

எல்லாருக்கும் வணக்கம். சொல்ல வெக்கமா இருக்கு, இதை நான் இப்பதான் முதல் தடவையா கேக்குறேன். ராத்திரி ஹெட்ஃபோன்ல போட்டேன். மழை சத்தம் வந்ததும் ஜன்னலை மூட எழுந்துட்டேன். அதுக்கே ரெண்டு மார்க். மணியடிக்கிறது நின்னு ரிஃப் வர்ற இடம் வரைக்கும் இது 55 வருஷத்துக்கு முந்தின ரெக்கார்டிங்னு தோணவே இல்ல. பாடுறவர் குரல் மட்டும் சில இடத்துல கெஞ்சுற மாதிரி இருந்துச்சு, அது வேணும்னே பண்ணதான்னு தெரியல. 8.

#13 கனத்தகம்பி

நான் 9, எக்கோ அக்கா 8. கெஞ்சல் வேணும்னே பண்ணதுதான் தம்பி. பாடகர் ஆஸி அந்த இடத்தில் கெஞ்சத்தான் வேண்டும்.

வெட்கப்பட ஒன்றும் இல்லை. உங்கள் தீர்ப்புதான் இங்கே சுத்தமானது. நாங்கள் நால்வரும் இந்தப் பாட்டின் புகழையும் சேர்த்துத்தான் கேட்டோம்.

#14 இரட்டைமிதி

சரி, என் முறை. மெஷுக்கா, "ப்ளீட்", 2008. ஏழரை நிமிஷம் இருக்கும். முன்குறிப்பு எதுவும் கிடையாது. திட்டறவங்க திட்டலாம்.

#15 புதுக்காது

அண்ணா தப்பா எடுத்துக்காதீங்க. தையல் மிஷினை மாடிப்படில உருட்டிவிட்ட மாதிரி இருக்கு. ஏழு நிமிஷமும் ஒரே இடத்துல நிக்குது. 4.

#16 மழைமணி

3. காரணத்தை நாளை எழுதுகிறேன். கோபத்தில் எழுதினால் தப்பாகப் போகும்.

#17 இரட்டைமிதி

தம்பி, தையல் மிஷின்னு சொன்னதுல தப்பே இல்ல. நானும் முதல்ல அப்படித்தான் கேட்டேன். ஆனா நீ ட்ரம்ஸ் வாசிக்கிறவரோட காலைக் கேட்டுட்டு இருக்க. காலை விட்டுடு. கையைக் கேளு.

வலது கை சிம்பல்ல நாலு நாலா போயிட்டே இருக்கும், ஸ்னேர் நிதானமா ஒரே இடத்துல விழும். அதோட சேர்ந்து கை தட்டு. அது சாதாரண நாலு எண்ணிக்கைதான், ஒரு தடவை கூட மாறாது. இப்ப கீழ காலால மிதிக்கிற கிக் ட்ரம்மும் எட்டுக் கம்பி கிதாரும் ஒண்ணா ஒட்டிக்கிட்டு வேற ஒரு கணக்குல சுத்துது. அந்தச் சுத்து நாலுக்குள்ள அடங்காது. தள்ளித் தள்ளி விழுந்து, கொஞ்சம் கழிச்சு மறுபடி உன் கைதட்டலோட முதல் அடில வந்து சேரும். சேர்ற இடத்துல உடம்பு தானா குனியும். மேல ஆதி தாளம் போட்டுக்கிட்டே கீழ வேற கணக்குல கோர்வை வெச்சு சமத்துக்கு வர்ற மாதிரின்னு வெச்சுக்கோ.

அதை வாசிச்ச ட்ரம்மர் டோமஸ் ஹாகேவுக்கே அந்தக் கால் ஓட்டம் புதுசு. இந்த ஒரு பாட்டைப் பழகினதும் ஆல்பத்துல மீதி எல்லாப் பாட்டையும் பழகினதும் சரிக்குச் சரி நேரம் ஆச்சுன்னு அவரே சொல்லியிருக்காரு. நான் மூணு வருஷமா முயற்சி பண்றேன். முப்பது செகண்டுக்கு மேல கெண்டைக்கால் பிடிச்சுக்குது.

#18 தூரத்துஎக்கோ

5. கணக்கு புரிகிறது, வாசிப்பு அசுரத்தனம். ஆனால் கஷ்டப்பட்டு வாசித்தார் என்பதற்கு மதிப்பெண் தர ஆரம்பித்தால் நாம் பாட்டை விட்டுவிட்டு உடற்பயிற்சிக்கு மார்க் போட்டதாகிவிடும். மூன்றாவது முறை கேட்டு முடித்த பிறகும் என்னால் முணுமுணுக்க எதுவும் கிடைக்கவில்லை. உன் கெண்டைக்கால் சீக்கிரம் குணமாகட்டும்.

#19 ஏழாம்ஃபிரெட்

முணுமுணுக்க முடிய வேண்டும் என்பது எந்தச் சட்டத்தில் இருக்கிறது? கிதாரை மேளமாக வைத்து ஒரு பாட்டு. அதில் மெட்டைத் தேடினால் கிடைக்காது. 8. கழித்த இரண்டும் குரலுக்கு. ஆரம்பத்திலிருந்து முடிவு வரை ஒரே உயரத்தில் கத்துகிறது.

#20 புதுக்காது

மிதி அண்ணா, கை தட்டிப் பாத்தேன். ரெண்டு நிமிஷம் வரைக்கும் தாக்குப் பிடிச்சேன், அப்புறம் கால் பக்கம் மனசு போயிடுச்சு. ஆனா ஒரு இடத்துல சேர்ந்துச்சு, அப்ப சிரிச்சுட்டேன். 4-ஐ 6-ஆ மாத்தலாமா? விதி இருக்கா?

#21 கனத்தகம்பி

சுற்று முடியும் வரை மாற்றலாம். ஏன் மாற்றினீர்கள் என்று எழுதினால் போதும், எழுதிவிட்டீர்கள். என்னுடையது 8.

#22 மழைமணி

நேற்று சொன்ன காரணம். தம்பி சொன்னபடி கை தட்டியும் பார்த்தேன்.

எனக்கு இந்தப் பாட்டில் மூச்சு விட இடம் இல்லை. கனம் என்பது ஒப்பீட்டில் வருவது என்று நினைக்கிறவன் நான். மௌனம் இருந்தால்தான் அடி கனமாக விழும். இங்கே முதல் நொடியிலேயே முழு எடையும் விழுந்துவிடுகிறது, அடுத்த நொடியும் அதே எடை. நடுவில் கொஞ்சம் தளர்கிற இடம் வந்தபோது அப்பாடா என்று இருந்தது. அந்த "அப்பாடா"வைப் பாட்டு எனக்கு அதற்கு முன்னாலேயே இரண்டு மூன்று முறை கொடுத்திருக்க வேண்டும். கணக்கு அபாரம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கணக்கைக் கண்டுபிடித்த சந்தோஷம் வேறு, பாட்டு என்னைத் தொட்டது வேறு. இரண்டாவது நடக்கவில்லை. 3 தான்.

#23 இரட்டைமிதி

அண்ணா, இந்த மூணை நான் ஃப்ரேம் போட்டு மாட்டுவேன்.

போன சுற்றுல இதே குழுவோட வேற பாட்டைக் கொடுத்தேன், அஞ்சு பேரும் ஏழு போட்டீங்க. ஒருத்தர் கூட என்ன கேட்டுச்சுன்னு சொல்லல. இப்ப மூச்சு விட இடம் இல்லன்னு சொல்றீங்க, அதே காரணத்துக்காகத்தான் எனக்கு இந்தப் பாட்டு பிடிக்கும். ரெண்டு பேரும் ஒரே பாட்டைத்தான் கேட்டிருக்கோம். அது போதும்.

#24 தூரத்துஎக்கோ

என் பாட்டைக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு சந்தேகம். சப்பாத்துக்கு ஃபிரெட் முதலில் 9 போட்டார், பின்னால் வந்த பெரும்பாலோர் அங்கேயே சுற்றினோம். ப்ளீடுக்கு முதலில் 4, 3 விழுந்தது. நான் மனதில் 6 வைத்திருந்தேன், எழுதும்போது 5 ஆகிவிட்டது. ஏன் என்று என்னால் நேர்மையாகச் சொல்ல முடியவில்லை.

2006-இல் வெளிவந்த ஓர் ஆய்வு ஞாபகம் வந்தது. சால்கானிக், டாட்ஸ், வாட்ஸ் என்ற மூவர் செய்தது. பெயர் தெரியாத குழுக்களின் 48 பாட்டுகளை 14,000-க்கும் மேற்பட்டவர்களுக்குக் கொடுத்தார்கள். ஒரு பகுதியினருக்குப் பாட்டு மட்டும். மற்றவர்களைத் தனித்தனி உலகங்களாகப் பிரித்து, தங்கள் உலகத்தில் முன்னால் வந்தவர்கள் எந்தப் பாட்டை எத்தனை முறை இறக்கிக்கொண்டார்கள் என்பதையும் காட்டினார்கள். எண்ணிக்கையைக் காட்டிய இடங்களில் பெரிய பாட்டு இன்னும் பெரிதானது. ஆனால் எந்தப் பாட்டு பெரிதாகும் என்பது உலகத்துக்கு உலகம் மாறியது. ரொம்ப நல்ல பாட்டு அடிமட்டத்துக்குப் போகவில்லை, ரொம்ப மோசமானது உச்சிக்கு வரவில்லை. நடுவில் இருந்ததெல்லாம் எங்கே வேண்டுமானாலும் போனது.

நடுவில் இருப்பதுதானே நம் ஏழு. மிச்ச பாட்டுகளுக்கு மதிப்பெண்ணைக் கம்பிக்குத் தனியாக அனுப்பலாம். ஐந்தும் வந்த பிறகு அவர் ஒன்றாகப் போடட்டும். பேச்சை இங்கே பேசலாம், எண்ணைச் சொல்ல வேண்டாம்.

#25 கனத்தகம்பி

ஏற்றுக்கொள்கிறேன். முன்னால் சொன்ன இரண்டு பாட்டுக்கும் யாராவது மாற்ற வேண்டுமென்றால் மாற்றலாம், அக்கா உட்பட.

#26 தூரத்துஎக்கோ

இன்னொரு முறை கேட்டேன். 5 தான் சரி. சந்தேகம் தீர்ந்தது.

என் பாட்டு: பிங்க் ஃபிளாய்ட், "எக்கோஸ்", 1971. என் பெயரைப் பார்த்தே ஊகித்திருப்பீர்கள். இருபத்து மூன்றரை நிமிடம். "மெடில்" இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க இது ஒன்றுதான்.

#27 இரட்டைமிதி

மூணு தடவைன்னா எழுபது நிமிஷம். இது பாட்டு இல்ல அக்கா, ஷிஃப்ட்.

#28 புதுக்காது

அக்கா ஒரு உண்மையைச் சொல்லிடறேன். பதினோரு நிமிஷத்துக்கு அப்புறம் பேய் கத்துற மாதிரி வருதே, அங்க தள்ளி விட்டுட்டேன். ரெண்டு தடவையும்.

#29 கனத்தகம்பி

அப்படியானால் இரண்டும் கணக்கில் வராது. மறுபடி முதலிலிருந்து.

#30 தூரத்துஎக்கோ

அந்தப் பேய் கில்மோரின் கிதார். வா-வா பெடலில் இணைப்பைத் தலைகீழாகக் கொடுத்தால் அப்படிக் கத்தும். அங்கே நீங்கள் ஓடியது பாட்டுக்குப் பெருமைதான். ஆனால் அதைத் தாண்டினால் என்ன வருகிறது என்பதற்காகத்தான் அது அங்கே இருக்கிறது. ஆரம்பத்தில் ஒற்றைச் சொட்டு விழுகிறதே, பியானோவின் ஒரே ஒரு சுரத்தை லெஸ்லி ஸ்பீக்கரில் சுழலவிட்டு எடுத்தது, அந்தச் சொட்டு இருட்டுக்குள்ளிருந்து திரும்பி வரும். நாலு நிமிடம் இருட்டில் நிற்காதவருக்கு அது வெறும் "டிங்". நின்றவருக்கு விளக்கு. மழை அண்ணா மௌனம் என்று சொன்னாரே, இருபத்து மூன்று நிமிடமும் அதற்குத்தான் செலவாகிறது.

#31 மழைமணி

எண்ணைச் சொல்லக்கூடாது என்பதால் சும்மா இருக்கிறேன்.

#32 இரட்டைமிதி

நானும் சும்மா இருக்கேன், வேற காரணத்துக்கு.

ஒண்ணு கேக்கணும். மூணு தடவை கேட்டா எதுவுமே பழகிடுமே? 1968-லயே ஸயான்ஸ்னு ஒருத்தர் எழுதியிருக்காரு. ஒண்ணைத் திரும்பத் திரும்பப் பாத்தாலே, கேட்டாலே மனசு அது பக்கம் சாயும்னு. அப்ப மூணாவது தடவை ஏறுற மார்க் பாட்டுக்கா, பழக்கத்துக்கா?

#33 கனத்தகம்பி

இரண்டுக்கும்தான். ஆனால் எல்லாப் பாட்டுக்கும் அதே மூன்று, யாருக்கும் சலுகை இல்லை. தவிர ஒரே முறை கேட்டு மார்க் போடுவதில் யார் ஜெயிப்பார்கள் தெரியுமா? முதல் பதினைந்து நொடியில் கொக்கி போடுகிற பாட்டு. எக்கோஸுக்கும் சப்பாத்துக்கும் அங்கே இடமே இருக்காது.

ஒரே முறை கூடக் கேட்காமல் தீர்ப்பு சொன்னால் எப்படி இருக்கும் என்பதற்கு 1989 கிராமி இசை விருதுதான் எனக்கு எப்போதும் உதாரணம். ஹார்ட் ராக், மெட்டல் என்று முதன்முறையாக ஒரு பிரிவு வைத்தார்கள். மெட்டாலிக்கா அதே மேடையில் வாசித்துவிட்டு இறங்கியது. விருது ஜெத்ரோ டல்லுக்குப் போனது, புல்லாங்குழலோடு பாடகர் முன்னால் நிற்கிற குழுவுக்கு. கெட்ட குழு இல்லை, எனக்குப் பிடித்த குழுதான். பெயர் தெரிந்ததற்கு ஓட்டுப் போட்டிருப்பார்கள் என்பது என் ஊகம். அடுத்த வருடம் மெட்டலைத் தனிப் பிரிவாக்கி, "ஒன்" பாட்டுக்கு விருதைக் கொடுத்துச் சமாதானம் ஆனார்கள்.

#34 கனத்தகம்பி

என் பாட்டு: என்டூம்ட், "லெஃப்ட் ஹேண்ட் பாத்", 1990. ஸ்டாக்ஹோம் டெத் மெட்டல். தயவுசெய்து போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள்.

#35 புதுக்காது

ஏன் அண்ணா? கேட்டுட்டேனே.

#36 கனத்தகம்பி

என்ன கேட்டது?

#37 புதுக்காது

தேனீ.

#38 ஏழாம்ஃபிரெட்

ஹஹ. அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் ஏன் அப்படிக் கேட்டது என்று புரியும். பாஸ் நிறுவனத்தின் ஹெச்எம்-2 பெடல். இரைச்சல், சத்தம், தாழ்வு, உயர்வு என்று நாலு குமிழ் இருக்கும். நாலையும் கடைசி வரை திருகிவிடுவார்கள். சன்லைட் ஸ்டூடியோவில் ஆரம்பித்த பழக்கம் அந்த ஊர் முழுக்கப் பரவியது. பெடல் 1983-இல் வந்து 1991-இல் உற்பத்தி நின்றுபோனது. ஆனாலும் அந்த ரம்பச் சத்தத்துக்காக இன்றைக்கும் தேடி வாங்குகிறார்கள். அதன் பாதி உயிர் தாழ்ந்த சுரங்களில் இருக்கிறது. போன் ஸ்பீக்கர் தாழ்ந்த சுரங்களைத் தூக்கி எறிந்துவிட்டுச் சிலும்பலை மட்டும் கொடுக்கும். மிச்சம் தேனீ.

#39 தூரத்துஎக்கோ

குரல் எனக்கு இன்றும் தடைதான், மறைத்துப் பயனில்லை. பாதிக்கு மேல் வேகம் விழுந்து ஒரு மெட்டு வருகிறதே, அதற்காகவே மூன்று முறையும் காத்திருந்தேன். அது ஒரு பழைய பேய்ப்படத்தின் இசையை ஒட்டியது என்று படித்தேன். அப்படியா?

#40 கனத்தகம்பி

ஆமாம், 1979-இல் வந்த "ஃபேண்டஸம்" படத்தின் இசை. திருட்டு என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். நான் அதை மரியாதை என்று எடுத்துக்கொள்கிறேன்.

#41 ஏழாம்ஃபிரெட்

மரியாதை என்ற சொல்லை நான் கடன் வாங்கிக்கொள்கிறேன். என் பாட்டுக்குத் தேவைப்படும். டீப் பர்ப்பிள், "சைல்ட் இன் டைம்", 1970. ஆர்கனில் வருகிற அந்த முதல் மெட்டு அவர்களுடையது இல்லை. இட்ஸ் எ பியூட்டிஃபுல் டே என்ற அமெரிக்கக் குழுவின் "பாம்பே காலிங்" என்ற வயலின் பாட்டிலிருந்து எடுத்து வேகத்தைக் குறைத்தது. அந்தக் குழுவும் சும்மா இருக்கவில்லை, பர்ப்பிளின் வேறு ஒரு பாட்டை எடுத்துத் தன் அடுத்த ஆல்பத்தில் போட்டுக்கொண்டது. கணக்கு நேர்.

#42 மழைமணி

கடன் வாங்கியது மெட்டு மட்டும்தான். கில்லனின் குரல் முனகலில் ஆரம்பித்துப் படிப்படியாக ஏறி, சொல்லே இல்லாமல் அலறலில் போய் முட்டுகிறதே, அது யாரிடமும் கடன் வாங்கியதில்லை. இந்தப் பாட்டைப் பற்றி இதற்கு மேல் பேச எனக்கு ஒன்றுமில்லை, எண்ணை அனுப்பிவிட்டேன்.

#43 புதுக்காது

நான்தான் கடைசி. இத்தனை பெரிய பாட்டுகளுக்கு அப்புறம் கொடுக்கவே தயக்கமா இருக்கு. ஆலிஸ் இன் செயின்ஸ், "வுட்?", 1992. மூன்றரை நிமிஷம்தான். கணக்கு ஒண்ணும் இல்ல, எனக்குப் பிடிக்கும், அவ்வளவுதான்.

#44 ஏழாம்ஃபிரெட்

கணக்கு இல்லை என்று யார் சொன்னது? தனியாக வருகிற அந்த பேஸ் கிதாரை விட்டுவிடுங்கள், குரலைப் பாருங்கள். சரணத்தை ஜெர்ரி கான்ட்ரெல் அடங்கிய குரலில் பாடுகிறார். கோரஸில் லேய்ன் ஸ்டேலி கூரையைப் பிய்த்துக்கொண்டு வருகிறார். ஒரே ஆள் பாடியிருந்தால் அந்த ஏற்றம் வெறும் சத்த ஏற்றமாகப் போயிருக்கும். இங்கே ஆளே மாறுகிறார். யோசிக்கிறவன் ஒருவன், எரிகிறவன் இன்னொருவன். 1990-இல் இறந்துபோன மதர் லவ் போன் பாடகர் ஆண்ட்ரூ வுட்டை நினைத்து எழுதியது. பெயரில் இருக்கிற கேள்விக்குறி சும்மா இல்லை, பாட்டும் கேள்வியிலேயே அறுந்து நிற்கிறது, பதிலுக்குக் காத்திருக்காமல்.

#45 இரட்டைமிதி

தம்பி, ஏழரை நிமிஷத்துல நான் பண்ண முடியாததை நீ மூன்றரைல பண்ணிட்ட. மழை அண்ணா கேட்ட மூச்சு விடுற இடம் இதுல ஒவ்வொரு சரணத்துலயும் இருக்கு.

#46 கனத்தகம்பி

எல்லா எண்ணும் வந்துவிட்டது.

வுட்? – 8, 8, 8, 8, 9. மொத்தம் 41, சராசரி 8.2
பிளாக் சப்பாத் – 9, 6, 8, 9, 8. மொத்தம் 40, சராசரி 8.0
சைல்ட் இன் டைம் – 8, 8, 9, 8, 6. மொத்தம் 39, சராசரி 7.8
எக்கோஸ் – 8, 5, 9, 8, 5. மொத்தம் 35, சராசரி 7.0
லெஃப்ட் ஹேண்ட் பாத் – 8, 8, 4, 9, 5. மொத்தம் 34, சராசரி 6.8
ப்ளீட் – 8, 3, 5, 8, 6. மொத்தம் 30, சராசரி 6.0

முதல் இடம் புதுக்காது தம்பிக்கு. ஒரே ஒரு மதிப்பெண் வித்தியாசம்.

#47 புதுக்காது

நிஜமாவா?? நான் சைல்ட் இன் டைமுக்கு 6 போட்டது அசிங்கமா இருக்கு இப்ப. நடுவுல கிதார் ரொம்ப நேரம் ஓடுதுன்னு தோணுச்சு, அதான் எழுதி அனுப்பினேன்.

#48 ஏழாம்ஃபிரெட்

நடுவில் கிதார் ரொம்ப நேரம் ஓடத்தான் செய்கிறது. அதை ரசிக்கிறவன் நான், தாங்காதவர் நீங்கள். மாற்றாதீர்கள்.

#49 இரட்டைமிதி

இருங்க. நான் சப்பாத்துக்கு 8 போட்டிருந்தா மழை அண்ணா ஜெயிச்சிருப்பாரு.

#50 மழைமணி

ஆமாம். ஒன்பது போட்டிருந்தால் இன்னும் வசதியாக ஜெயித்திருப்பேன். 4:36-ஐ எனக்குக் காட்டிக் கொடுத்துவிட்டீர்கள் தம்பி, இப்போது நானே அந்த இடம் வரும்போது நிமிர்ந்து உட்கார்கிறேன். என்னைப் பொறுத்தவரை அங்கே தடுக்கவில்லை. ஆனால் உங்களுக்கு ஏன் தடுக்கிறது என்று கேட்கிறது.

#51 தூரத்துஎக்கோ

எல்லோரும் ஒன்றைக் கவனிக்கவில்லை. ஏழுக்குத் தடை போட்டீர்கள். எக்கோஸ் வாங்கியது துல்லியமாக 7.0.

#52 கனத்தகம்பி

ஒருவர் கூட ஏழு போடவில்லையே அக்கா. ஒன்பதும் ஐந்தும் சண்டை போட்டு வந்த ஏழு அது. சராசரிக்குத் தடை இல்லை.

#53 மழைமணி

அடுத்த சுற்று எப்போது?

இன்னொரு விஷயம். இன்று காலை மறுபடி ப்ளீட் போட்டேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான். மதிப்பெண் மாறவில்லை, 3 தான். ஆனால் தம்பி, கை தட்ட வருகிறது. கடைசி வரை.